ஆடியில் ஒரு விடை, கார்த்திகையில் ஒரு விடை

ஹோட்டல் துறையில் பயிற்சி முடித்த பத்துப் பேரைத் திருகோணமலையில் ஆடி மாதம் தேடிப் போனால் அநேகமாக எல்லாரையும் வேலைத்தலத்தில்தான் பிடிக்கலாம். உப்புவெளியிலும் நிலாவெளியிலும் அறைகள் நிரம்பிக் கிடக்கும் காலம் அது. புறாமலைக்குப் படகு விடுபவரிலிருந்து சமையற்கட்டில் வெங்காயம் அரிபவர் வரை ஒருவருக்கும் நின்று கதைக்க நேரமிருக்காது. அதே பத்துப் பேரைக் கார்த்திகையில் தேடிப் பாருங்கள். கச்சான் ஓய்ந்து வாடை எழுந்திருக்கும். கடல் கொந்தளிக்கும், மழை விடாது. வெளிநாட்டுப் பயணிகள் தெற்குக் கரைக்குப் போயிருப்பார்கள். பத்தில் இரண்டு பேர் அவர்களுக்குப் பின்னாலேயே ஹிக்கடுவைக்கோ மிரிசவுக்கோ போயிருக்கலாம். ஒருவர் கட்டார் விசாவுக்கு மெடிக்கல் எடுத்துவிட்டுக் காத்திருக்கலாம். மிச்சப் பேர் வீட்டில். கணக்கு ஒரு பேச்சுக்குச் சொன்னது. பருவம் பேச்சுக்குச் சொன்னதல்ல.

ஆகவே, தொழிற்படிப்பு முடித்தவர்களுக்கு என்ன நடந்தது, அவர்கள் மனநிறைவோடு இருக்கிறார்களா என்று சொல்லும் எந்த அறிக்கை கைக்கு வந்தாலும் நான் முதலில் தேடுவது எந்த மாதத்தில் கேட்டார்கள் என்பதைத்தான். அடுத்தது, படிப்பு முடிந்து எத்தனை மாதம் கழித்துக் கேட்டார்கள் என்பது. சதவீதங்கள் அதற்குப் பிறகு.

பெயர் இல்லாத கல்லூரி

இந்த வகை ஆய்வுகளில் பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்து வருகிறது. அங்கே சமுதாயக் கல்லூரி என்று ஒன்று இருக்கிறது. 1901இல் இலினோய் மாநிலத்தின் ஜோலியட் நகரில் ஒரு பாடசாலையோடு ஒட்டிக்கொண்டு தொடங்கியது இந்த மரபு. ஜனாதிபதி ட்ரூமன் நியமித்த உயர்கல்வி ஆணைக்குழு 1947இல் அந்தப் பெயரை நாடு முழுக்கப் பரப்பியது. இன்று ஆயிரம் அளவில் அப்படிக் கல்லூரிகள் உண்டு. உள்ளூரிலேயே, குறைந்த கட்டணத்தில், வெட்டுப்புள்ளி எதுவும் இல்லாமல் சேரலாம். இரண்டாண்டு படித்து நேரே வேலைக்குப் போகலாம். இல்லாவிட்டால் அந்த இரண்டாண்டைக் கையில் பிடித்துக்கொண்டு பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டுக்குத் தாவலாம். இப்படி இரண்டு வாசல்.

இரண்டாவது வாசல் சொன்ன அளவுக்குத் திறப்பதில்லை என்பது அங்குள்ள ஆய்வாளர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் சங்கதி. சேரும்போது ஏறத்தாழ 80 சதவீதமானோர் பட்டம்வரை போவதாகச் சொல்கிறார்கள். பல்கலைக்கழகத்துக்கு மாறுவது அண்ணளவாக மூன்றில் ஒருவர். ஆறு ஆண்டுக்குள் பட்டம் பெறுவது ஆறில் ஒருவர். வருமானத்திலும் இதே மாதிரி ஒரு பிளவு: தாதியர் துறை போன்ற மருத்துவம் சார்ந்த படிப்பை முடித்தவர்கள் நன்றாகவே உழைக்கிறார்கள், பொதுவான கலைப் பாடங்களில் அதே இரண்டாண்டைக் கழித்துவிட்டு மேலே போகாமல் நின்றவர்களுக்குக் கிடைப்பது சொற்பம். ஆக, "சமுதாயக் கல்லூரியில் படித்தால் பயனுண்டா" என்று மொத்தமாகக் கேட்டால் விடை வராது. எந்தப் பாடம், எதுவரை, அதற்கு மேலே போக வழி இருந்ததா என்று பிரித்துக் கேட்டால்தான் வரும். தமிழர் பக்கத்தில் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் 1995இல் இதே பெயரில் ஒரு கல்லூரியைத் தொடங்கியது. தமிழ்நாட்டிலும் பல முளைத்தன.

இலங்கையில் அந்தப் பெயர்ப்பலகையை எங்கும் காணமுடியாது. அந்த வேலை மட்டும் நடக்கிறது, நாலைந்து கைகளில் பிரிந்து. தொழில்நுட்பக் கல்லூரி, அதாவது நாம் "டெக்னிக்கல்" என்று சொல்வது, தொழில்நுட்பக் கல்வி மற்றும் பயிற்சித் திணைக்களத்தின் கீழ் வருகிறது. 1893இல் மருதானையில் தொடங்கிய பழைய மரம் அது. கிராமப்புறப் பயிற்சி நிலையங்கள் 1995ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான தொழிற்பயிற்சி அதிகாரசபையைச் சேர்ந்தவை. கராஜிலும் தொழிற்சாலையிலும் ஆளை விட்டுப் பழக்குவது நைற்றா, அதாவது தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபை. இளைஞர் சேவைகள் மன்றத்துக்கும் தனியாகப் பயிற்சிகள் இருக்கின்றன. உயர் தேசிய டிப்ளோமா கொடுப்பது ஏ.ரி.ஐ. என்று எல்லாரும் அழைக்கும் உயர் தொழில்நுட்பவியல் நிறுவகம். அதுவும் 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் பிள்ளைதான். இத்தனையும் திருகோணமலை மாவட்டத்தில் ஏதோ ஒரு வடிவில் இருக்கின்றன. ஓ.எல். (சாதாரண தரம்) எழுதிய பிள்ளையின் தகப்பனுக்கு எது எதன் கீழ் வருகிறது என்று தெரியாது. அதில் அவரைக் குறைசொல்ல ஒன்றுமில்லை, எனக்கும் விளங்க நாளெடுத்தது.

இவற்றைக் கட்டிவைத்திருக்கும் கயிறு என்.வி.கியூ., அதாவது தேசிய தொழிற்தகைமைச் சட்டகம். 1991இல் அமைந்த மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவின் பொறுப்பில், 2000களின் நடுப்பகுதியில் அது நடைமுறைக்கு வந்தது. மொத்தம் ஏழு படி. ஒன்று முதல் நான்கு வரை சான்றிதழ். ஐந்தும் ஆறும் டிப்ளோமா, உயர் டிப்ளோமா. ஏழாவது பட்டம். நான்காம் படியில் நிற்பவர் தன் தொழிலைத் தனியே நின்று முழுதாகச் செய்யக்கூடியவர் என்று பொருள். முன்பெல்லாம் ஒரு வெல்டிங் சான்றிதழைக் காட்டினால் கொடுத்த நிலையத்தின் பெயரைப் பார்த்துத்தான் மதித்தார்கள். இப்போது படியைப் பார்த்து மதிக்கவேண்டும் என்பது ஏற்பாடு.

காகிதத்தில் ஏணி அழகாக நிற்கிறது. படிகள் எந்தெந்த ஊரில் இருக்கின்றன என்று பார்த்தால்தான் கதை விளங்கும். நான்கு வரை திருகோணமலையிலேயே ஏறலாம். டிப்ளோமாவுக்கு, திணைக்களத்தின் வழியில், கிழக்கு மாகாணத்துக்கான தொழில்நுட்பவியல் கல்லூரி அம்பாறையில்; மட்டக்களப்பைச் சுற்றிப் போனால் இருநூறு கிலோமீற்றர் வரும். பட்டத்துக்கான தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகம், 2008ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது, இரத்மலானையில். மூதூரிலோ குச்சவெளியிலோ இருக்கும் ஒரு குடும்பத்துக்கு நான்காம் படிக்கும் ஐந்தாம் படிக்கும் இடையில் இருப்பது ஒரு படியல்ல. விடுதி வாடகை, சாப்பாடு, வந்துபோகும் பஸ் காசு, மொழி, பெண்பிள்ளையென்றால் அதற்கு மேலும் சில. அமெரிக்கப் பிள்ளைகள் பாதியில் நிற்பதற்கு ஆய்வாளர்கள் சொல்லும் காரணங்களில், கல்லூரியில் படித்த பாடங்களைப் பல்கலைக்கழகம் கணக்கில் எடுக்காமல் விடுவது பெரிய ஒன்று. நம் பிள்ளைகள் நிற்பதற்கு பஸ் பெரிய காரணம்.

நூறு பேரில் எத்தனை பேர்

விளைவை எப்படி அளக்கிறார்கள் என்று கொஞ்சம் நின்று பார்க்கலாம். பயிற்சி முடித்தவர்களைப் பின்தொடர்ந்து போய் விசாரிக்கும் ஆய்வுகள் இலங்கையிலும் நடக்கின்றன. முறை எல்லா இடத்திலும் ஒன்றுதான்: பட்டியலை எடு, தொலைபேசியில் கூப்பிடு, கேள்விகளைக் கேள்.

கற்பனையாக நூறு பேர் ஒரு வருடப் பாடநெறியில் சேர்ந்தார்கள் என்று வையுங்கள். இருபத்தைந்து பேர் இடையில் நின்றுவிட்டார்கள். நின்றவர்கள் "முடித்தவர்" பட்டியலில் இல்லை. மிச்சம் எழுபத்தைந்து. கூப்பிட்டால் எடுப்பவர்கள் நாற்பது. மற்றவர்கள் நம்பர் மாற்றிவிட்டார்கள், சிலர் வெளிநாடு. அந்த நாற்பதில் முப்பது பேர் வேலையில் இருக்கிறார்கள். அறிக்கையில் வருவது 75 சதவீதம். சேர்ந்தவர்களில் வேலையில் இருப்பதாக நமக்கு உறுதியாகத் தெரிவதோ முப்பது பேர் மட்டும். இரண்டு எண்ணும் பொய்யில்லை. இடையில் நின்ற இருபத்தைந்து பேரை யாரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை, அவ்வளவுதான். அவர்களில் சிலர் வேலை கிடைத்ததால்தான் நின்றிருப்பார்கள் என்பது இன்னொரு வேடிக்கை.

"வேலை" என்ற சொல்லே அடுத்த சிக்கல். நாட்டின் தொழிற்படை அளவீட்டில், கேட்கும் கிழமைக்கு முந்திய கிழமையில் ஒரு மணித்தியாலம் சம்பளத்துக்கோ இலாபத்துக்கோ வேலை செய்திருந்தாலே அவர் தொழிலில் உள்ளவர். உலகம் முழுக்க வழக்கத்தில் உள்ள வரையறைதான், நாடுகளை ஒப்பிட உதவும். ஏசி திருத்தப் பழகியவர் மாதத்தில் நாலு வீட்டுக்குப் போய் ஏசி கழுவிக் கொடுக்கிறார் என்றால் அவரும் அதற்குள் அடங்குவார், துறைமுகத்தில் நிரந்தர வேலையில் இருப்பவரும் அடங்குவார்.

என்னைக் கேட்டால் ஊழியர் சேமலாப நிதி எண் இருக்கிறதா என்று கேட்பதே போதும். 1958இலிருந்து உள்ள சட்டம்: தொழிலாளியின் சம்பளத்தில் 8 சதவீதம், முதலாளி போடுவது 12 சதவீதம், 1980ஆம் ஆண்டுச் சட்டப்படி ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளியிடமிருந்து இன்னும் 3 சதவீதம். அந்த எண் இருந்தால் அவர் எங்கோ ஒரு சம்பளப் பட்டியலில் இருக்கிறார் என்று பொருள். கட்டட வேலைத்தலங்களிலும் கராஜ்களிலும் சின்ன விடுதிகளிலும் இதைக் கேட்டால் "அதெல்லாம் பிறகு பாப்பம் தம்பி" என்ற பதிலைத்தான் அதிகம் கேட்கலாம். நாட்டில் வேலை செய்வோரில் பாதிக்கு மேற்பட்டோர் இப்படி முறைசாரா வேலையில்தான் இருக்கிறார்கள். தொழிற்பயிற்சி எடுத்தவர் அதிலிருந்து ஏறி வெளியே வந்தாரா இல்லையா என்பதுதான் பயிற்சியின் பயனைச் சொல்லும்.

ஆலைகள் உள்ள ஊரில் வேலை இல்லையா?

வெளியூர்க்காரர் வழக்கமாகக் கேட்பது இது. சீனன்குடாப் பக்கம் போனால் பிறிமாவின் மாவாலை நிற்கிறது, 1980 அளவிலிருந்து. ரோக்கியோ சீமெந்து இருக்கிறது. இயற்கைத் துறைமுகம் இருக்கிறது. எண்ணெய்க் குதங்கள் தொண்ணூற்றொன்பது. 2022 ஜனவரி உடன்படிக்கைப்படி 14 குதங்கள் லங்கா ஐஓசி என்ற இந்திய நிறுவனத்திடம், 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திடம், 61 இரண்டும் சேர்ந்த கம்பனியிடம். புல்மோட்டையில் கனிய மணல். பிறகு ஏன் பொடியன்கள் கட்டாருக்குப் போகிறார்கள்?

மாவாலையும் சீமெந்து ஆலையும் எண்ணெய்க் குதமும் இயந்திரத்தை நம்பிய தொழில்கள். முதலீடு பெரிது, அதற்கேற்ற ஆட்கணக்கு சிறிது. உள்ளே போனவர்கள் இலேசில் வெளியே வரமாட்டார்கள், ஆகவே ஒவ்வொரு வருடமும் புதிதாகத் திறக்கும் இடங்கள் குறைவு. துணை வேலைகளைக் கொந்தராத்துக்காரர் ஆட்களை வைத்துச் செய்விக்கிறார். வரப்போகிறது என்று சொல்லி வராமற்போனவை இன்னொரு பக்கம். சம்பூரில் 500 மெகாவோட் அனல்மின் நிலையம் வரும் என்று பல வருடம் பேசினார்கள். 2016இல் அது கைவிடப்பட்டது. சுற்றுச்சூழலுக்கு அது நல்ல முடிவு என்றே நினைக்கிறேன். அதே இடத்துக்குச் சூரிய மின்சாரம் வருகிறது. கட்டும்போது ஆள் வேண்டும், கட்டி முடித்த பிறகு பலகை கழுவக் கொஞ்சப் பேர் போதும்.

மிச்சமிருப்பது கட்டடம், சுற்றுலா, வாகனத் திருத்தம், கடல். கட்டட வேலை அலைபோல வந்து போனது: 2004 சுனாமிக்குப் பிறகு ஒரு எழுச்சி, 2009இல் போர் முடிந்த பிறகு வீட்டுத்திட்டங்கள், கிண்ணியாப் பாலம், வீதிகள் என்று இன்னொரு எழுச்சி, 2022இல் சீமெந்து விலை ஏறிய வேகத்தில் ஒரே வீழ்ச்சி. சுற்றுலாவைப் பற்றி மேலே சொன்னேன். அவுஸ்திரேலிய உதவியோடு திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறை, பொலன்னறுவை மாவட்டங்களில் சுற்றுலாத் திறன்களை வளர்க்க ஒரு திட்டம் நடந்தது. அது போன்ற முயற்சிகள் ஆளைத் தயார் செய்யலாம், மார்கழியில் கடலை அடக்க முடியாது.

எனவே சான்றிதழின் பெரிய பயன் ஊருக்கு வெளியே. 2022இல் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்து நாட்டைவிட்டுப் போனவர்கள் 3 இலட்சத்து 11 ஆயிரம் அளவில். வீட்டு வேலைக்கும் கூலி வேலைக்கும் போவதைவிட மின்னிணைப்பாளர், குழாய் பொருத்துநர், வெல்டர் என்று போவது சம்பளத்தில் வேறு. ஏஜென்சிக்காரர் கேட்கும் காகிதத்தில் என்.வி.கியூ.வும் ஒன்று. அப்படிப் போனவர் அங்கிருந்து வீட்டுக்கு மேல்மாடி போடுகிறார். அவரைக் கேட்டால் படிப்பு பிரயோசனம் என்றுதான் சொல்வார். அவரைத்தான் கூப்பிட்டுக் கேட்க முடிவதில்லை, பட்டியலில் உள்ள நம்பர் இப்போது வேலை செய்வதில்லை.

எதிர்பார்த்ததும் கிடைத்ததும்

திருப்திக்கு வருவோம். பயிற்சி முடித்தவர்களிடம் கேட்டால் படிப்பைப் பற்றி நல்லதாகவே சொல்வார்கள். இது உலகமெங்கும் காணும் இயல்பு. சான்றிதழ் கொடுக்கும் அன்று, ரோல்ஸும் நெஸ்கபேயும் கொடுத்து, படிப்பித்த சேரே படிவத்தையும் நீட்டினால் யார்தான் குறை எழுதுவார்? அந்தச் சங்கடத்தை ஒரு பக்கம் வைத்தாலும் இன்னொன்று இருக்கிறது. இங்கே பெரும்பாலானோர் தொழிற்கல்விக்கு வருவது முதல் விருப்பம் கைகூடாத பிறகு. நாட்டில் ஏ.எல்.லில் (உயர்தரத்தில்) பல்கலைக்கழகத் தகுதி பெறுபவர்கள் வருடத்துக்கு ஒன்றரை இலட்சத்துக்கு மேல். இடம் கிடைப்பது நாற்பதாயிரத்தைக் கொஞ்சம் தாண்டியவர்களுக்கு. நாற்பது சதவீதம் திறமை அடிப்படையில், ஐம்பத்தைந்து மாவட்ட அடிப்படையில், மிச்சம் ஐந்து பின்தங்கிய மாவட்டங்களுக்கு என்று பிரித்து, அந்தப் பின்தங்கிய பட்டியலில் திருகோணமலையும் இருந்தும், வெளியே நிற்பவர்கள்தான் கூட. வெட்டுப்புள்ளி வந்த அன்று வீட்டில் நடந்ததை மறந்தவர் யாரும் இருக்கமாட்டார்கள். அந்த மனநிலையோடு டெக்னிக்கலுக்குள் வருபவர் பெரிதாக எதையும் எதிர்பார்ப்பதில்லை. எதிர்பார்ப்பு தாழ்ந்திருந்தால் கிடைப்பது எதுவும் கூடுதலாகத்தான் தெரியும். பட்டறையில் கை பழகுகிறது, நாலு கூட்டாளிமார் கிடைக்கிறார்கள், "ஒன்றுக்கும் உதவாது" என்ற பேச்சு நிற்கிறது.

இரண்டு மூன்று வருடம் போகட்டும். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்திலோ வேறெங்கோ பட்டம் பெற்ற வகுப்புத்தோழன் அபிவிருத்தி உத்தியோகத்தராகப் பிரதேச செயலகத்தில் மேசை போட்டு உட்கார்கிறான். 2020இல் மட்டும் ஐம்பதாயிரம் அளவிலான பட்டதாரிகளை அரசு பயிலுநர்களாக எடுத்தது. அவனுக்கு ஓய்வூதியம் இருக்கும், சம்பந்தம் பேச வருவார்கள். இவன் சிலவேளை அவனைவிடக் கூட உழைக்கிறான். ஆனாலும் கலியாணத் தரகர் கேட்பது "கவுண்மேந்தா, பிரைவேட்டா?" என்பதைத்தான். அப்போது படிவத்தை நீட்டினால் விடை மாறும். படிப்பு மாறவில்லை, பட்டறை மாறவில்லை, சம்பளம்கூட ஏறியிருக்கலாம். ஒப்பிடும் ஆள் மாறிவிட்டான்.

இது புதுக் கண்டுபிடிப்பல்ல. சர்வதேச தொழிலாளர் அமைப்பின் சார்பில் டட்லி சீயர்ஸ் தலைமையில் வந்த குழு 1971இலேயே இலங்கையைப் பற்றிய அறிக்கைக்கு வைத்த பெயர் வேலைவாய்ப்பையும் எதிர்பார்ப்பையும் பொருத்துவது என்ற பொருளில்தான் இருந்தது. படித்த பிள்ளைகள் வேலையில்லாமல் இருப்பதற்கு வேலையின் எண்ணிக்கை மட்டும் காரணமில்லை, அவர்கள் எந்த வேலையை வேலை என்று நினைக்கிறார்கள் என்பதும் காரணம் என்று அவர்கள் எழுதினார்கள். அரை நூற்றாண்டு தாண்டிவிட்டது. பிள்ளைகளின் மனப்பான்மையைத் திருத்தவேண்டும் என்ற உபதேசமாக அது பலர் வாயில் வருகிறது. நான் அப்படி வாசிக்கமாட்டேன். ஓய்வூதியமும் கடன் வசதியும் மரியாதையும் ஒரு பக்கம் மட்டும் குவிந்திருக்கும்போது அந்தப் பக்கத்துக்காகக் காத்திருப்பது முட்டாள்தனமில்லை, கணக்கு.

மதிப்பு என்பது எவ்வளவு பெரிய விடயம் என்பதற்கு ஏ.ரி.ஐ. மாணவர்களின் கதை. கணக்கியல் உயர் தேசிய டிப்ளோமா நான்கு ஆண்டுப் படிப்பு. பொதுப் பட்டம் மூன்று ஆண்டு. தங்கள் டிப்ளோமாவை வணிகமாணிப் பட்டத்துக்கு நிகராக ஏற்கவேண்டும் என்று அவர்கள் 2015 ஒக்டோபர் 29 அன்று கொழும்பில் ஊர்வலம் போனபோது பொலிசார் தடியடி நடத்தினார்கள். அது பெரிய சர்ச்சையானது. அவர்கள் பாடத்தைப் பற்றியோ விரிவுரையாளரைப் பற்றியோ முறையிட்டுத் தெருவுக்கு வரவில்லை. படிப்பு நல்லது என்று நம்பியதால்தான் அந்தக் காகிதத்தை மற்றவர்கள் குறைவாக வாசிப்பது பொறுக்கவில்லை.

பெண்களின் கட்டம்

பெண்களைப் பற்றி மட்டும் தனியே ஒரு கட்டுரை எழுதலாம். நாட்டில் பதினைந்து வயதைக் கடந்த பெண்களில் தொழிற்படையில் இருப்பவர்கள் மூன்றில் ஒரு பங்கு அளவில்தான். ஆண்களில் பத்துக்கு ஏழு பேர். பயிற்சி நிலையங்களில் பெண்பிள்ளைகள் குறைவில்லை. ஆனால் தையல், அழகுக்கலை, கேக் ஐசிங், முன்பள்ளி ஆசிரியை, கணினி என்று ஒரு சில வகுப்புகளில் குவிந்திருப்பார்கள். வெல்டிங் வகுப்பில் ஒரு பெண் சேர்ந்தால் பத்திரிகைக்காரர் வந்து படம் எடுக்கிறார்கள், அதிலிருந்தே நிலைமை தெரியும்.

இவர்களின் விளைவைப் பதியப் படிவத்தில் சரியான கட்டம் இல்லை. கிண்ணியாவிலோ தம்பலகாமத்திலோ ஒருவர் தையல் படித்துவிட்டு வீட்டு விறாந்தையில் ஜூக்கி மெசினைப் போட்டு அயலவருக்குச் சட்டை தைக்கிறார். பெருநாளும் தைப்பொங்கலும் பாடசாலை தொடங்கும் தையும் வந்தால் இரவிரவாக வேலை. மற்ற நாட்களில் இல்லை. தொலைபேசியில் "வேலை செய்றீங்களா?" என்று கேட்டால் "இல்ல மிஸ், வீட்டிலதான்" என்பார். "தைக்கிறீங்களா?" என்று கேட்டால் "ஓம், அது தைக்கிறன்தானே" என்பார். அவரை வேலையில்லாதவர் என்று பதிந்தால் கணக்கு தவறு. தொழில் முயற்சியாளர் என்று பதிந்தால் அதுவும் கொஞ்சம் அதிகம்.

அவர் திருப்தியாக இருக்கிறார் என்பதும் உண்மை. கையில் நூறு இருநூறு தன் காசாக இருக்கிறது, ஒருவரிடமும் கேட்கத் தேவையில்லை. ஆனால் வெளியே போய் வேலை செய்யமுடியாத நிலையை அவர் ஏற்றுக்கொண்ட பிறகு வந்த திருப்தி அது. ஆடைத் தொழிற்சாலைக்கு வான் வந்து ஏற்றி இறக்கினால் போவாரா, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால் போவாரா என்று இரண்டாவது கேள்வி கேட்காவிட்டால் அந்தத் திருப்தியை எடுத்து அறிக்கையில் போடக்கூடாது.

மொழியைப் பற்றிச் சுருக்கமாக. சான்றிதழ்ப் படிகள் தமிழில் படிக்கலாம், சோதனையும் தமிழில் எடுக்கலாம். ஏ.ரி.ஐ.யில் பாடங்கள் ஆங்கிலத்தில். வேலைத்தலத்தில் மேற்பார்வையாளர் சிங்களத்தில் பேசுவார். மூன்று இனமும் கிட்டத்தட்டச் சரிக்குச் சரியாக வாழும் ஒரே மாவட்டம் என்று நம்மைப் பெருமையாகச் சொல்வார்கள். தொழிற்பயிற்சிப் பாடத்திட்டத்தில் பட்டறைச் சிங்களமும் பட்டறைத் தமிழும் ஒரு மாதமாவது படிப்பித்தால் அந்தப் பெருமைக்குப் பயன் வரும்.

வகுப்பில் இருக்காதவர்

என் கண்ணில் படும் மிகத் திருப்தியான ஆட்கள் ஒரு நாளும் வகுப்பில் இருக்காதவர்கள். ஆர்.பி.எல். என்று ஒரு வழி இருக்கிறது. முன்கற்றலை அங்கீகரித்தல் என்பார்கள். இருபது வருடம் மேசன் வேலை செய்தவர், வள்ளத்து எஞ்சின் கழற்றிப் பூட்டியே கை கறுத்தவர், தன் அனுபவத்துக்கான சான்றுகளைக் காட்டி, மதிப்பீட்டாளர் முன்னால் வேலையைச் செய்து காட்டினால் அதே என்.வி.கியூ. சான்றிதழ் அவருக்கும் கிடைக்கும். திருப்பி ஒரு வருடம் வாங்கில் உட்காரத் தேவையில்லை.

போருக்குள் பாடசாலையை விட்டவர்கள் நிறைந்த மாவட்டம் இது. ஓ.எல். இல்லை, பிறப்புச் சான்றிதழே இடம்பெயர்வில் தொலைந்து பிறகு எடுத்தது. அப்படியொருவருக்கு நாற்பத்தைந்து வயதில் அரச இலச்சினையோடு ஒரு காகிதம் வருவதை என்னவென்று சொல்ல. தொழிலில் அவருக்கு அதனால் பெரிதாக ஒன்றும் மாறாமற்கூடப் போகலாம். ஊரில் எல்லாருக்கும் அவர் வேலை தெரியும். ஆனாலும் அதைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருப்பார், மகளின் பட்டமளிப்புப் படத்துக்குப் பக்கத்தில். விளைவு குறைவு, திருப்தி கூட. வகுப்பில் இருந்து வந்த இளைஞருக்குப் பல வேளை இது நேர்மாறு. இரண்டையும் கூட்டிப் பிரித்துச் சராசரி எடுத்தால் ஒருவரையும் பற்றி ஒன்றும் தெரியாத ஒரு எண் வரும்.

எப்படித்தான் கேட்பது? முடித்து மூன்றாம் வருடம் கேட்கவேண்டும், ஆடியில் ஒரு தடவை, கார்த்திகையில் ஒரு தடவை. இடையில் நின்றவர்களையும் கேட்கவேண்டும். வெளிநாட்டில் இருப்பவரை வாட்ஸ்அப்பில் பிடிக்கலாம், அம்மாவிடம் நம்பர் இருக்கும். சம்பளத்தைக் கேட்பதைவிடச் சேமலாப நிதியைக் கேட்கலாம். திருப்தியா என்ற கேள்வியை எடுத்துவிட்டு, "உங்கட தம்பிய அங்க படிக்க அனுப்புவீங்களா?" என்று கேட்டால் போதும் என்று எனக்குத் தோன்றுகிறது. தனக்கு என்று வரும்போது சமாளித்துக்கொள்பவர்கள் தம்பி என்று வந்தால் பொய் சொல்வதில்லை.

இந்தக் கேள்வியை நான் கேட்டுப் பார்த்திருக்கிறேன், ஆய்வாக அல்ல, தேத்தண்ணிக் கடையில், பஸ்ஸில், வயரிங் செய்ய வீட்டுக்கு வந்தவரிடம். யாரும் இல்லை என்று சொன்னதில்லை. "ஓம், அனுப்புவன்," என்பார்கள். கொஞ்சம் பொறுத்து, கையிலிருக்கும் வேலையைப் பார்த்தபடியே, "கெம்பஸ் கிடைக்காட்டி" என்பார்கள். அதை ஆம் என்ற கட்டத்தில் போடுவதா, இல்லை என்ற கட்டத்தில் போடுவதா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.